சீன மருத்துவம் படிக்கப் போகிறீர்களா? சேர்க்கை முதல் உரிமம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

“பையன் சீனாவுல டாக்டருக்குப் படிக்கிறான்” என்று ஒரு வீட்டில் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆங்கில வழியில் நடக்கும் எம்.பி.பி.எஸ். இன்னொன்று, நாடியும் நாக்கும் பார்த்து மூலிகையும் ஊசியும் கொடுக்கும் சீனப் பாரம்பரிய மருத்துவம். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

குழப்பத்துக்குக் காரணம் பட்டத்தின் பெயர். சீனப் பல்கலைக்கழகங்கள் பாரம்பரிய மருத்துவத்துக்கு வழங்கும் ஐந்தாண்டுப் பட்டத்துக்கும் ‘மருத்துவ இளநிலை’ என்றுதான் பெயர். சான்றிதழை மேலோட்டமாகப் பார்க்கும் பெற்றோருக்கு வேறுபாடு தெரியாது. இந்தியாவில் இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அலோபதி மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எழுதும் தகுதித் தேர்வுக்கும் இது பொருந்தாது. “நீட் வேண்டாம், டாக்டர் ஆகிவிடலாம்” என்று சொல்லி ஒரு முகவர் இந்தப் படிப்பை விற்க வந்தால், மேற்கொண்டு எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். இதைப் படிக்க ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு: இந்த மருத்துவத்தையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்ற விருப்பம்.

படி 1: எந்த ஊரில் தொழில் செய்வீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் கல்லூரியைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். எந்த நாட்டில் நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களோ அந்த நாட்டின் பதிவு வாரியம் எந்தப் பட்டத்தை ஏற்கிறது என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்டு, பிறகு கல்லூரிக்கு வாருங்கள். ஐந்தாண்டு படித்து முடித்த பின் “உங்கள் கல்லூரி எங்கள் பட்டியலில் இல்லை” என்ற பதிலை வாங்குவது பெரிய துயரம்.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சட்ட எண் 775. சீன மருத்துவம், மலாய் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி எல்லாம் அதன்கீழ் ஒரே மன்றத்தில் வருகின்றன. சித்தம் படித்த நம்மவர்களும் சீன மருத்துவம் படித்தவர்களும் அங்கே ஒரே கதவைத் தட்டுகிறார்கள். உள்நாட்டிலேயே படிக்க வழி இருக்கிறது: சுங்கை லோங்கில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம், நீலாயில் இன்டி, கோலாலம்பூரில் ஐ.எம்.யூ., சிப்பாங்கில் சியாமென் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம். சீனப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் மலேசியாவில் ஏராளம். அவர்களுக்கு இது இயல்பாகத் திறக்கும் கதவு என்பது என் எண்ணம். அந்த வீடுகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் வருத்தம்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டின் சட்டப்படி சீன மருத்துவர்களுக்குத் தனி வாரியம் உண்டு. அது ஏற்ற பட்டம் கையில் இருந்தால்தான் பதிவுத் தேர்வு எழுதலாம், தேர்வில் வென்ற பிறகே பெயர் ஏட்டில் ஏறும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2005இல் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இரட்டைப் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2024இலிருந்து தானே சீன மருத்துவ இளநிலைப் பட்டம் வழங்கும் நான்காண்டுப் படிப்பை நடத்துகிறது. 1953இல் தொடங்கிய சிங்கப்பூர் சீன மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. ஆயுஷ் அமைச்சகத்தின் குடைக்குள் ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தம், திபெத்தியரின் சோவா ரிக்பா, ஹோமியோபதி எல்லாம் உண்டு. சீன மருத்துவம் இல்லை. அதில் ஒரு பகுதியான, ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சரை மட்டும் 2019 பிப்ரவரியில் இந்திய அரசு தனிச் சிகிச்சை முறையாக ஏற்று ஆணை வெளியிட்டது. மேற்கு வங்கத்தில் அதற்கு முன்பே, 1996இல், மாநிலச் சட்டம் வந்துவிட்டது. ஆக, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு முழு மூலிகை மருத்துவம் செய்யலாம் என்ற கணக்கோடு சீனா போகாதீர்கள். அக்குபங்சர் மட்டும் போதும் என்றால் அடுத்த படியைப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை முதல் நாடு முழுவதும் ஒரே பதிவு முறை. அக்குபங்சர், மூலிகை மருத்துவம், மூலிகை வழங்குதல் என்று பதிவில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு, ஆங்கிலத் தேர்ச்சியும் கேட்பார்கள். ஹாங்காங்கில் 1999ஆம் ஆண்டின் சட்டம், முழுநேரப் பட்டம், பிறகு எழுத்துத் தேர்வும் மருத்துவமனைச் செய்முறைத் தேர்வும் உள்ள உரிமத் தேர்வு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், கலிபோர்னியாவுக்குத் தனித் தேர்வே உண்டு. பிரிட்டனில் சட்டப்படியான பதிவு கிடையாது, தொழில் சங்கங்கள்தான்.

படி 2: எவ்வளவு படிப்பு வேண்டும் என்று அளந்து பாருங்கள்

சென்னையிலும் கோவையிலும் சுவரொட்டிகளில் “ஆறு மாதத்தில் அக்குபங்சர் டாக்டர்” என்று பார்க்கிறோம். அதை அளக்க ஒரு முழக்கோல் கையில் இருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் அக்குபங்சர் பயிற்சிக்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மருத்துவப் பின்னணி இல்லாத ஒருவர் அக்குபங்சர் செய்ய இரண்டாண்டு முழுநேரப் படிப்பு, 2,500 மணி நேரம், அதில் 1,000 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்முறையும் மருத்துவமனைப் பயிற்சியும் என்றது. நவீன மருத்துவர் ஒருவர் தன் சிகிச்சையில் ஒரு துணையாக மட்டும் ஊசியைச் சேர்த்துக்கொள்ள 200 மணி நேரம் குறைந்தபட்சம். உங்கள் கைக்கு வரும் விளம்பரத் துண்டில் மணிக்கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைக் கூட்டிப் பார்த்தால் பல இடங்களில் 200ஐக்கூடத் தொடாது.

தமிழ்நாட்டிலேயே இருந்து ஊசி மருத்துவத்தைச் சட்டத்துக்குள் நின்று செய்ய விரும்பும் பிளஸ் டூ மாணவருக்கு நான் சொல்வது பி.என்.ஒய்.எஸ்., அதாவது இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு. உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. அதன் பாடத்திட்டத்தில் அக்குபங்சரும் இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே உள்ளது.

இந்தியாவுக்கு இந்த ஊசி எப்படி வந்தது என்பதையும் படிக்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1938இல் ஜப்பானியப் போரில் சிக்கிய சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் போனார்கள். சோலாப்பூரைச் சேர்ந்த கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்தார், சீனர்கள் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். அதே குழுவில் போன வங்காளி மருத்துவர் பிஜய் குமார் பாசு, 1958இல் மறுபடி சீனா சென்று அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கினார். முறையாக மருத்துவம் படித்து, பயிற்சி முடித்து, வேலையும் செய்த பிறகு கடல் கடந்து போய் ஊசியைக் கற்ற மனிதர் அவர்.

படி 3: மொழி

நல்ல பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். நான்ஜிங், தியான்ஜின் போன்ற ஊர்களின் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவருக்கு ஆங்கில வழியிலும் வகுப்பு நடத்தியிருக்கின்றன. அதை எடுக்கலாமா என்று கேட்டால், வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் என்பேன். வகுப்பறை ஆங்கிலத்தில் ஓடும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் பாட்டி தன் வட்டார வழக்கில்தான் வயிற்றுவலியைச் சொல்வார். சீன மருத்துவத்தின் நான்கு வகைப் பரிசோதனையில் ‘கேட்டறிதல்’ ஒன்று: வியர்வை எப்போது வருகிறது, தாகம் சூடான தண்ணீருக்கா குளிர்ந்ததுக்கா, தூக்கத்தில் கனவா என்று துருவிக் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாக இதைக் கேட்டால் பாதி உதிர்ந்துவிடும்.

சீனாவின் பொதுமொழியான மாண்டரினுக்கு எச்.எஸ்.கே. என்ற அரசுத் தேர்வு உண்டு. சீன வழிப் படிப்புக்குப் பொதுவாக நான்காம் நிலை கேட்கிறார்கள், சில இடங்களில் ஐந்து. இதுவரை இருந்துவரும் அமைப்பில் நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள், ஐந்துக்கு 2,500. என் கணக்கில் நான்கு நுழைவுக்குப் போதும், பாடத்துக்குப் போதாது. ஏனென்றால் முதலாண்டிலேயே ‘மருத்துவப் பழஞ்சீனம்’ என்று ஒரு பாடம் வந்து நிற்கும். இன்றைய தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் பதினெண் சித்தர் பாடலைக் கொடுத்துப் பொருள் சொல்லச் சொன்னால் எப்படியோ அப்படி. ஆகவே பிளஸ் டூ முடித்ததும் ஓராண்டை மொழிக்கென்றே ஒதுக்குங்கள். சீன அரசு உதவித்தொகையில் இளநிலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஓராண்டு மொழிப் படிப்பைத் திட்டமே சேர்த்துத் தருகிறது.

படி 4: கல்லூரியை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

1956இல் சீன அரசு பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு என்ற நான்கு ஊர்களில் சீன மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியது. அதுவரை குருவிடம் இருந்து கற்பதே பெருவழக்கம். நான்ஜிங் கல்லூரியின் வேர் 1954இல் இருந்தே தொடங்குகிறது, தொடக்ககால ஆசிரியர்களும் பாடநூல்களும் அங்கிருந்து நிறையப் போயின. இந்த ஐந்து பெயர்களும் பழைய பெயர்கள், பல நாட்டு வாரியங்களுக்குப் பழக்கமானவை. இந்த ஐந்தில் ஒன்று என்பதற்காக மட்டும் வாரியப் பட்டியலைச் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

நான் முதலில் கேட்கும் கேள்வி தரவரிசை பற்றியதல்ல. இணைப்பு மருத்துவமனை எத்தனை, வெளிநாட்டு மாணவரை எத்தனையாவது ஆண்டில் வார்டுக்குள் விடுவார்கள், உள்ளுறைப் பயிற்சி எந்தெந்தத் துறைகளில், நாடி பார்க்க விடுவார்களா அல்லது சுவரோரம் நிற்க வைப்பார்களா? இதற்கு இணையதளத்தில் விடை இருக்காது. அங்கே நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு வெளிநாட்டு மாணவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அரை மணி நேரப் பேச்சு ஆறு மாத இணையத் தேடலுக்குச் சமம்.

படி 5: விண்ணப்பமும் பணமும்

கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கும். உதவித்தொகை வேண்டுமென்றால் முந்தைய குளிர்காலத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். சீன அரசு உதவித்தொகைக்கு இரண்டு வழிகள்: உங்கள் நாட்டில் உள்ள சீனத் தூதரகம் வழியாக, அல்லது பல்கலைக்கழகம் வழியாக. முழு உதவி கிடைத்தால் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் காப்பீடும் போக, இளநிலை மாணவருக்கு மாதம் 2,500 யுவான், முதுநிலைக்கு 3,000, முனைவருக்கு 3,500. வயது வரம்பு முறையே 25, 35, 40க்குக் கீழ். மாநில அரசுகளும் பல்கலைக்கழகங்களும் தரும் சிறிய உதவிகள் தனி.

கடவுச்சீட்டு, பள்ளிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும், எச்.எஸ்.கே. சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று, வெளிநாட்டவர் உடற்தகுதிப் படிவம், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். எல்லா ஆவணத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு முன்னெழுத்தும் அப்பா பெயரும் போடும் தொல்லை உங்களுக்குத் தெரியும். அதைக் கடவுச்சீட்டின்படி இப்போதே நேர் செய்யுங்கள். சேர்க்கை உறுதியானதும் சேர்க்கைக் கடிதமும் ஜே.டபிள்யூ. என்று தொடங்கும் விசா படிவமும் வரும். அவற்றைக் கொண்டு எக்ஸ்1 விசா வாங்குங்கள். இறங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் உள்ளூர்க் காவல் துறையில் வசிப்பு அனுமதி எடுத்தாக வேண்டும். அதைத் தவற விடாதீர்கள்.

படி 6: அந்த ஐந்து ஆண்டுகள்

நான்காண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனை என்பது பொதுவான அமைப்பு. யின் யாங் என்ற எதிரிணை, மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து மூலகங்கள் என்று தொடங்கினாலும் உடற்கூறியலும் உடலியங்கியலும் மருந்தியலும் நவீன உள்நோய் மருத்துவமும் கூடவே ஓடும். இன்றைய சீன மருத்துவமனையில் நாக்கைப் பார்க்கும் மருத்துவரே சி.டி. ஸ்கேனையும் படிக்கிறார். “நவீன மருத்துவம் பிடிக்காது, அதனால் இது” என்று வருகிறவர்கள் முதலாண்டிலேயே திகைத்துப் போவார்கள்.

மூலிகைப் பாடம்தான் பெரிய மலை. நானூறுக்கு மேற்பட்ட சரக்குகள். ஒவ்வொன்றுக்கும் சுவை, தன்மை, எந்த உறுப்புக்குப் போகும், எவ்வளவு, எதோடு சேரக்கூடாது. பிறகு அவை கூடும் மருந்துக் கூட்டுகள். இவற்றை மனப்பாடம் செய்யச் சீன மாணவர்கள் பாட்டாகப் பாடுகிறார்கள், ஒன்றோடொன்று சேரக்கூடாத பதினெட்டுச் சரக்குகளுக்கும் ஒரு பாட்டு உண்டு. செய்யுளில் மருந்து சொன்ன மரபில் வந்த நமக்கு அது அந்நியமாகத் தெரியாது. வெட்கப்படாமல் சத்தமாகப் பாடிப் படியுங்கள்.

ஒரு கூட்டை மட்டும் சொல்கிறேன். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ‘ஷாங்ஹான் லுன்’ நூலின் முதல் மருந்து குய்ஜி தாங். சரக்கு ஐந்தே: கருவாக் குச்சி, வெண் பியோனி வேர், அதிமதுரம், பச்சை இஞ்சி, சீன இலந்தை. காற்றுபட்டு வந்த காய்ச்சலுக்கு, வியர்வை இருந்தும் காய்ச்சல் தணியாதவருக்கு. குடித்த கொஞ்ச நேரத்தில் சூடாக அரிசிக் கஞ்சி குடித்து, போர்த்திப் படுத்து, உடம்பெங்கும் லேசாக வியர்க்க வேண்டும். தண்ணீராகக் கொட்டும்படி வியர்க்கக்கூடாது என்கிறது நூல். இஞ்சியும் அதிமதுரமும் கஞ்சியும் நம் பாட்டி வைத்தியத்தில் இருக்கிறதே என்று மனம் துள்ளும். அங்கேதான் கவனம் வேண்டும். அங்கே பயன்படுவது சீனக் கருவாவின் இளங்குச்சி, நம் சமையலறையில் இருக்கும் இலங்கைப் பட்டை அல்ல. அதிமதுரத்திலும் அவர்கள் பெரிதும் பயன்படுத்தும் இனம் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் சரக்கு ஒன்றாகிவிடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயர்க் குழப்பம் ஆளைக் கொல்லும். பெல்ஜியத்தில் உடல் மெலியச் சிகிச்சை எடுத்த பெண்களின் சிறுநீரகம் அடுத்தடுத்துச் செயலிழந்ததை 1993இல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். மாத்திரையில் இருக்க வேண்டியது ஹான் ஃபாங்ஜி. அதற்குப் பதிலாகக் கலந்திருந்தது குவாங் ஃபாங்ஜி என்ற வேறு செடி. ஒலியில் தம்பி போல இருக்கும் அந்தச் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. சிறுநீரகத்தையும் அழிக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். ஆகவே சரக்கை அடையாளம் காணும் ஆய்வக வகுப்புகளில் ஒன்றைக்கூடத் தவற விடாதீர்கள். நச்சுள்ள நாபி இனத்தைச் சேர்ந்த ஃபூஸி என்ற கிழங்கு போன்றவை சுத்தி செய்த பிறகும், அதாவது நச்சைக் குறைக்கும் பக்குவம் செய்த பிறகும், மற்ற சரக்குகளுக்கு முன்பே தனியாக நெடுநேரம் கொதிக்க வேண்டும். நச்சுச் சரக்கைச் சுத்தி செய்யும் வழக்கம் நம் மரபிலும் உண்டு.

நாடி: மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கும் இடங்களை சுன், குவான், ச்சி என்பார்கள். வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலில் பார்க்கும் சித்த நாடியோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் இங்கே ஒவ்வொரு விரலுக்கும் உறுப்புகளே ஒதுக்கப்பட்டிருக்கின்றன: இடக்கையில் இதயம், ஈரல், சிறுநீரகம், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். பாடநூலில் 28 நாடி வகைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் விரலுக்குக் கொண்டுவர முடியாது. மிதப்பது, அமிழ்வது, வேகம், மெதுவு, வழுக்குவது, கம்பி போல இழுபடுவது ஆகிய ஆறை முதலில் பிடியுங்கள். விடுதி நண்பர்கள் அத்தனை பேரின் நாடியையும் தினமும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

ஊசி: அடுக்கி மடித்த காகிதத்தில் தொடங்கி, பிறகு சொந்தக் கால், பிறகு சக மாணவர். உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லும் பதினான்கு பாதைகளில் 361 புள்ளிகள், இடம் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தபடி. புள்ளியின் பெயரை விட அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். தோள் உச்சியில் உள்ள ஜியான்ஜிங் என்ற புள்ளியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலின் உறையைத் துளைத்துவிடலாம். ஊசி போட்ட நோயாளி வீட்டுக்குப் போன பிறகு மூச்சுத் திணறுவார்.

பழைய நூல்களைத் தேர்வுக்காக மட்டும் புரட்டாதீர்கள். மருந்தியல் படித்த சீன விஞ்ஞானி து யூயூ, நவீன மருத்துவம் கற்றவர்களுக்கென்று நடந்த சீன மருத்துவப் பயிற்சியில் இரண்டரை ஆண்டு இருந்தவர். மலேரியாவுக்கு மருந்து தேடிய 523 திட்டத்தில், நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பைப் படித்தார்: சிங்ஹாவ் செடியை ஒரு பிடி எடுத்து நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறைக் குடி. காய்ச்சச் சொல்லவில்லையே, சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று எண்ணி, குறைந்த வெப்பத்தில் ஈத்தர் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்தார். அதுவே ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. நோபல் பரிசு 2015இல் வந்தது.

படி 7: பட்டத்துக்குப் பிறகு

சீனாவிலேயே மருத்துவராக வேண்டுமானால் பட்டம் முடித்து மருத்துவமனையில் ஓராண்டு மேற்பார்வையில் பணி, பிறகு தேசிய மருத்துவர் தேர்வு. மாணவர்கள் பலர் ‘ஐந்து கூட்டல் மூன்று’ என்ற ஒருங்கிணைந்த வழியில் போகிறார்கள். கடைசி மூன்றாண்டு முதுநிலையும் மருத்துவமனைப் பயிற்சியும் ஒன்றாக ஓடும். நாடு திரும்புகிறவர்கள் அந்தந்த வாரியத்தின் தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாண்டு இடைவெளி விட்டால் மூலிகைப் பாட்டு மறந்துவிடும். பாடத்திட்டம், பயிற்சி நேரப் பதிவு, துறைவாரிக் கையெழுத்து எல்லாவற்றையும் சான்றளித்த மொழிபெயர்ப்போடு ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டதாரியாகத் தொலைவில் இருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு.

குருகுல வழியும் இன்று சட்டத்தில் இருக்கிறது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டம், பட்டம் இல்லாமல் ஆசானிடம் கற்றவர்களும் இரண்டு மருத்துவர்களாவது பரிந்துரைத்தால் தேர்வுக்கு வரலாம் என்கிறது. ஐந்தாண்டு கற்றிருக்க வேண்டும். வெளிநாடுகளின் வாரியங்கள் கேட்பதோ பட்டம். ஆகவே நமக்கு அது நேர்வழி ஆகாது. அந்த மரபின் சாரத்தைப் பட்ட மாணவரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ‘சாவ்ஃபாங்’ என்று பெயர்: மருந்துச் சீட்டைப் படியெடுத்தல். மூத்த மருத்துவர் ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவர் நாடி பார்த்த கையை நீங்களும் பார்த்து, அவர் சொல்லச் சொல்லச் சீட்டை எழுதுவது. மூன்றாம் ஆண்டிலிருந்தே வாரத்தில் ஒரு காலை இதற்கு ஒதுக்குங்கள். சீட்டை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் போதாது. இரவு உட்கார்ந்து, அவர் ஏன் கருவாக் குச்சியைக் குறைத்து பியோனியைக் கூட்டினார் என்று உங்கள் விடையை எழுதி, அடுத்த வாரம் நோயாளிகள் வருமுன் அவரிடம் காட்டுங்கள்.